பாஷி-பசூக்: படத்தில் இருப்பவர் ‘அவனா’, ‘அவரா’?

சித்திரக்கூடம் எழுதியது:

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை ஓர் ஓவியத்தைத் திரையில் காட்டி, அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். அடுத்த மாதத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ழான்-லியோன் ஜெரோமின் ‘பாஷி-பசூக்’ என்ற ஓவியத்தை எடுத்திருக்கிறோம். படத்தின் அடியில் வைப்பதற்கு ஐந்தாறு வரியில் தமிழ்க் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது. மூன்று நாளாகியும் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. காரணத்தை இங்கே வைக்கிறேன்; உங்கள் கருத்துகள் எனக்கு மிகவும் தேவைப்படுகின்றன.

படத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கித்தானில் எண்ணெய் வண்ணம், உயரம் 80.6 சென்டிமீட்டர், அகலம் 66 சென்டிமீட்டர். காலம் 1868–69. இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2008-இல் அன்பளிப்பாக வந்தது. மார்பளவுக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு கருப்பின மனிதர். வெளிர்சிவப்புப் பட்டுச் சட்டை. தலையில் பல வண்ணத் துணிகளைச் சுற்றிச் சுற்றி உயர்த்திக் கட்டிய தலைப்பாகை. அதிலிருந்து குஞ்சங்கள் தொங்குகின்றன. பின்புலத்தில் மசூதியோ ஓடு பதித்த சுவரோ சந்தையோ எதுவும் இல்லை. அவர் நம்மைப் பார்க்கவில்லை.

ஜெரோம் 1868-இன் தொடக்கத்தில் பன்னிரண்டு வாரம் கிழக்கு நாடுகளில் பயணம் செய்துவிட்டுப் பாரிஸ் திரும்பியதும், அங்கே வாங்கி வந்த துணிகளைத் தம் ஓவியக்கூடத்தில் ஒரு மாடலுக்கு உடுத்தி, அவரை அமர்த்தி இதை வரைந்தார் என்று அருங்காட்சியகக் குறிப்பு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் தலைப்போ ஒட்டோமான் பேரரசின் ஒரு வகைப் படைவீரனின் பெயர்.

இங்கேதான் என் சிக்கல். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதுபவர்கள் மூன்றாம் நபருக்கு ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கடந்துபோய்விடலாம். தமிழில் எழுத உட்கார்ந்தால், ‘அவன் பட்டுச் சட்டை அணிந்திருக்கிறான்’ என்பதா, ‘அவர் அணிந்திருக்கிறார்’ என்பதா என்று முதல் வினைமுற்றிலேயே முடிவெடுத்தாக வேண்டும். படைவீரன் என்றால் ‘அவன்’ என்று கை தானாகப் போகிறது. மாடல் என்றால் ‘அவர்’. இரண்டும் ஒரே முகம். தலைப்பை எப்படித் தமிழாக்குவது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. ‘கூலிப்படை வீரன்’ என்று ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

பழைய வரைபடம் எழுதியது:

தலைப்பிலிருந்து தொடங்குவோம். ‘கூலிப்படை’ என்பது பொருளிலேயே தவறு, தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். துருக்கியில் ‘பாஷ்’ என்றால் தலை. ‘போசுக்’ என்றால் கெட்டுப்போனது, சீர்குலைந்தது. தலைமையும் ஒழுங்கும் இல்லாதவன் என்பது சொல்லின் தொனி. ஒட்டோமான் அரசு போர்க்காலத்தில் சேர்த்துக்கொண்ட இந்தப் படையினருக்குச் சீருடை இல்லை, சம்பளமும் இல்லை. கொள்ளையில் கிடைப்பதே வருமானம். கூலி வாங்காதவர்களைக் கூலிப்படை என்று எழுதினால், அவர்கள் ஏன் அவ்வளவு அஞ்சப்பட்டார்கள் என்பதற்கான காரணமே மறைந்துவிடும். என் பரிந்துரை: ‘பாஷி-பசூக்’ என்றே வைத்துவிட்டு, அடுத்த வரியில் விளக்குங்கள்.

காலத்தையும் சொல்லியாக வேண்டும். ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மகமூது 1826-இல் ஜானிசரி என்ற பழைய காலாட்படையைக் கலைத்து, ஐரோப்பியப் பாணியில் புதிய படையை உருவாக்கினார். சில ஆண்டுகளில் அதிகாரிகள் தலைப்பாகையை விட்டு ஃபெஸ் தொப்பிக்கு மாறினார்கள். ஜெரோம் பயணம் போன 1868-இல் ஒட்டோமான் நிலைப்படை வீரன் ஒருவனைப் பார்த்திருந்தால், கால்சட்டையும் பொத்தான் வைத்த மேலங்கியும் அணிந்தவனாகத்தான் பார்த்திருப்பார். சூயஸ் கால்வாயின் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. 1869 நவம்பரில் கால்வாய் திறக்கப்பட்டது. அந்தக் கிழக்கு எதுவும் ஜெரோமின் கிழக்கு ஓவியங்களுக்குள் எளிதில் நுழைவதில்லை. கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின் 1983-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் அழுத்திச் சொன்னார்: இந்த ஓவியங்களில் காலம் நகர்வதில்லை, அவற்றில் மேலைநாட்டான் ஒருவனும் தென்படுவதில்லை, ஆனால் பார்க்கும் கண் அவனுடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1876-இல் பல்கேரியக் கிளர்ச்சியை அடக்கப் போன பாஷி-பசூக்குகள் படாக் என்ற ஊரில் செய்த படுகொலை ஐரோப்பா முழுவதையும் உலுக்கியது. பிரிட்டிஷ் அரசியல் தலைவர் கிளாட்ஸ்டன் அதைக் கண்டித்து வெளியிட்ட சிறுநூலுக்குப் பிறகு, இந்தச் சொல்லே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. நம் படம் அதற்கு ஏழெட்டு ஆண்டு முந்தையது. ஆகவே 1869-இல் பார்த்தவருக்கும் 1877-இல் பார்த்தவருக்கும் தலைப்பு ஒரே பொருளைத் தந்திருக்காது. முந்தையவருக்கு நினைவில் இருந்தது கிரீமியப் போர்க் கதைகள். பிந்தையவருக்கு எரிந்த ஊர்கள். நடுவில் இருந்த இந்த முகம் மட்டும் மாறவில்லை.

பாவுநூல் எழுதியது:

எனக்கு ஓவிய வரலாறு தெரியாது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டு நெசவு. அருங்காட்சியகம் தன் தளத்தில் வைத்திருக்கும் பெரிய அளவுப் படத்தைத் திரையில் பெரிதாக்கி, சட்டையை மட்டும் நெடுநேரம் பார்த்தேன்.

பட்டுத் துணியை இப்படி வரைய, அதைக் கையில் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். பருத்தித் துணியில் மடிப்பு வளைந்து இறங்கும். ஒளி அதில் பரவிப் போய்விடும். நல்ல பட்டில் மடிப்பின் முகட்டில் ஒளி கோடு போட்டதுபோல் நிற்கும், பள்ளத்தில் நிறம் சட்டென்று ஆழமாகும், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் பூத்த இடம் வரும். விற்பனைக்கு வைக்கும் புடவையை நாங்கள் விரித்துக் காட்டும்போது, வாங்க வந்தவர் கண் போவது அந்த நடு இடத்துக்குத்தான்; அது சரியாக இருந்தால் நூல் நல்ல நூல். ஜெரோம் அந்த நடு இடத்தைத் தவறவிடவில்லை. இந்த மனிதரின் தூரிகைக்கு என் வணக்கம்.

ஆனால் நெசவாளியின் கண்ணுக்கு வேறொன்றும் படுகிறது. துப்பாக்கி வாரோ வாளின் உறையோ நாள்தோறும் உரசும் பட்டு, ஆறு மாதத்தில் அந்த இடத்தில் இழை பிரிந்து மயிர் கிளம்பும். வியர்வை பட்ட பட்டு கழுத்தோரம் நிறம் மங்கும். குதிரையில் போகிறவன் சட்டை எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சட்டை போரையும் பார்க்கவில்லை, வெயிலையும் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்து எடுத்து அன்றைக்கு உடுத்திய துணி இது. இதை ஓவியர் மறைக்கவும் முயலவில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. துணியைப் பற்றி அவரால் பொய் சொல்ல முடியவில்லை என்றே நினைக்கிறேன்.

நீள்பார்வை எழுதியது:

பாவுநூல் அவர்களின் கடைசி வரியை நான் முகத்துக்கும் நீட்டிக்க விரும்புகிறேன். மேலைநாட்டார் கிழக்கைத் தம் கற்பனைக்கேற்பச் சித்திரித்த போக்கை விமர்சித்து எட்வர்ட் சயீத் 1978-இல் ‘ஓரியண்டலிசம்’ என்ற நூலை வெளியிட்ட நாளிலிருந்து, அந்தப் போக்கைக் குறிக்கும் கீழைத்தேயவாதம் என்ற சொல் ஒரு குற்றப்பத்திரிகையாகிவிட்டது. அந்த நூலின் அட்டையில் இடம்பெற்றதும் இதே ஜெரோமின் ‘பாம்பாட்டி’ என்பதால், அவருடைய எல்லா ஓவியங்களையும் அந்த அட்டையின் வழியாகவே பார்க்கிறோம். சயீதின் வாதம் தவறு என்று நான் சொல்லவில்லை. ‘பாம்பாட்டி’யில் ஒரு சிறுவனின் நிர்வாண முதுகையும் அவனைச் சுவரோரம் சாய்ந்தமர்ந்து பார்க்கும் கூட்டத்தையும் நமக்குக் காட்சியாக்கும் தந்திரம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பாஷி-பசூக்’ அதே தந்திரத்தைச் செய்கிறதா என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாருங்கள். அந்நாளைய ஐரோப்பிய ஓவியங்களில் கருப்பினத்தவர் பெரும்பாலும் எப்படி வருகிறார்கள்? வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் துண்டு நீட்டும் பணியாளராக, குளியலறையில் தண்ணீர் ஊற்றுபவராக, கதவோரக் காவலாளாக, பக்கவாட்டில் ஒரு கருநிறத் திட்டாக. ஜெரோமே அப்படிப் பல படங்கள் வரைந்திருக்கிறார். இங்கே ஒருவர் நடுவில், தனியாக, பிரபுக்களின் உருவப்படத்துக்கு உரிய அளவிலும் அமைப்பிலும் அமர்ந்திருக்கிறார். தோலின் நிறத்தைப் பாருங்கள்: ஒரே கருப்பைப் பூசிவிட்டுப் போகவில்லை. பழுப்பின் பல படிகள், கன்ன எலும்பின் மேல் குளிர்ந்த ஒளி, நிழலுக்குள் செம்மை. அந்நாளைய ஓவியக் கல்விக்கூடங்கள் கற்பித்த, தூரிகைத் தடமே தெரியாத அந்த மெருகு பல படங்களில் எனக்குச் சலிப்பூட்டியிருக்கிறது. இந்த முகத்தில் அது பொறுமையாகத் தெரிகிறது. ஒரு மனிதரை இவ்வளவு நேரம் உற்று நோக்கியவர் அவரை இழிவுபடுத்தினார் என்று எப்படிச் சொல்வது? என் வாக்கு ‘அவர்’ என்பதற்கே. அந்தக் கம்பீரத்தைப் பார்த்தபின் ‘அவன்’ என்று எழுத எனக்குக் கை வராது.

கரித்துண்டு எழுதியது:

நீள்பார்வை அவர்களே, ‘அவர்’ என்ற முடிவில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் எனக்கு வேறுவிதமாகத் தெரிகிறது. சற்று நீளமாக எழுத அனுமதியுங்கள், ஏனென்றால் இதை நான் உடம்பால் அறிவேன்.

படிப்புச் செலவுக்காக இரண்டு ஆண்டு ஓவிய மாணவர்களுக்கு மாடலாக அமர்ந்திருக்கிறேன். ஒரு அமர்வு நாற்பத்தைந்து நிமிடம், நடுவில் பத்து நிமிட ஓய்வு, பிறகு மீண்டும் அதே இருப்பு. ஓய்வுக்கு எழுந்து போகுமுன் காலைச் சுற்றித் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போடுவார்கள். திரும்பி வந்து அந்தக் கோட்டுக்குள் காலை வைக்க வேண்டும். தலைப்பாகை கட்டிய நாட்கள் மிகக் கடினம். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அதன் பிறகு துணியின் கனம் பின்கழுத்தில் இறங்கும். இருபதாவது நிமிடத்தில் அந்த இடம் சூடாகும். கழுத்தைச் சற்றுப் பின்னால் இழுத்து, தாடையை ஒரு நூலளவு உயர்த்தினால் கனம் முதுகெலும்புக்குப் போய்விடும், தாங்கலாம். கண்ணை எங்காவது நிறுத்தியாக வேண்டும். வரைபவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும், இல்லையென்றால் கூச்சம் வரும். எங்கள் அறைச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. இரண்டு ஆண்டு நான் அந்த ஆணியைப் பார்த்தேன்.

ஒருமுறை எனக்குக் கரும்பட்டைக் கம்பளியும் சிவப்பு முண்டாசும் தடியும் கொடுத்து நிறுத்தினார்கள். அந்தப் படம் பிறகு ஒரு கண்காட்சியில் ‘கிராமத்துக் காவல்காரன்’ என்ற பெயரில் தொங்கியது. நான் போய் அதன் முன் நின்றேன். இரண்டு பேர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்: இரவெல்லாம் விழித்திருந்த கண், தலைமுறை தலைமுறையாக மண்ணைக் காத்த மிடுக்கு, எதற்கும் அஞ்சாத தாடை. அந்தத் தாடை எனக்குக் கழுத்து வலித்ததால் உயர்ந்த தாடை. நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. முண்டாசு இல்லாத என்னை அவர்களுக்கு அடையாளம் தெரிய வழியில்லை.

இப்போது ஜெரோமின் படத்துக்கு வாருங்கள். ‘கம்பீரம்’ என்று நாம் எல்லோரும் சொல்லும் அந்த இருப்பைப் பாருங்கள். கழுத்து அவ்வளவு கனமான சுற்றுத்துணியைத் தாங்குகிறது. பார்வை நம்மை விட்டு விலகி ஓரிடத்தில் நிலைத்திருக்கிறது. அது பகைவனைத் தேடும் பார்வையாக எனக்குத் தெரியவில்லை, பாலைவனத்தை அளக்கும் பார்வையாகவும் தெரியவில்லை. எனக்கு அது ஆணியைப் பார்க்கும் பார்வை. வேலையில் இருக்கும் ஒருவரின் முகம் அது: அசையாமல் இருப்பது என்ற வேலை, பிறர் எளிதென்று நினைக்கும் வேலை. ஜெரோம் எதிரே இருந்ததை அப்படியே வரையக்கூடியவர். பாவுநூல் அவர்கள் பட்டில் கண்டதை நான் முகத்தில் காண்கிறேன். தலைப்பு போர்க்களத்தைச் சொல்கிறது. சட்டையும் கழுத்தும் கண்ணும் பாரிஸில் ஒரு பகற்பொழுதைச் சொல்கின்றன.

ஆகவே ‘கம்பீரமாக இருப்பதால் அவர்’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கம்பீரம் வேடத்துக்கு நாம் கொடுக்கும் பாராட்டு. குனிந்து அமர்ந்திருந்தால் ‘அவன்’ ஆகிவிடுவாரா?

நீள்பார்வை எழுதியது:

கடைசிக் கேள்வி என்னை நிறுத்தியது. அந்த இடத்தில் என் வாதம் பலவீனமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: மாடலை அமர்த்தி வரைவது ஜெரோமின் குற்றம் அல்லவே. மரியன்னைக்கு அமர்ந்த பெண்களின் பெயரும் நமக்குத் தெரியாது. வேடமிட்டவரின் பெயரை மறைப்பது ஓவியத்தின் பொது வழக்கம். அதைக் கீழைத்தேயவாதத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமா?

பழைய வரைபடம் எழுதியது:

நியாயமான கேள்வி. வேறுபாடு இங்கே இருப்பதாக நினைக்கிறேன். மரியன்னை படத்தைப் பார்ப்பவர், எதிரே இருப்பது அவ்வூர்ப் பெண் ஒருத்தி என்பதை அறிந்தே பார்க்கிறார். அப்படத்தை வைத்து நாசரேத்துப் பெண்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று முடிவு கட்டுவதில்லை. ‘பாஷி-பசூக்’ பார்ப்பவரோ ஒரு செய்தியைப் பெற்றதாக நம்புகிறார். ஓவியர் போய் வந்திருக்கிறார், குறிப்பெடுத்திருக்கிறார், துணி உண்மையான துணி. ஆகவே மனிதனும் உண்மையான பாஷி-பசூக். துணியின் உண்மை மனிதனுக்கும் சான்றிதழாகிவிடுகிறது.

அது இனவகைப் படங்களின் காலம். ஜெரோம் பயணம் போன அதே 1868-இல்தான் ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் கேயும் தொகுத்த இந்திய மக்கள் பற்றிய புகைப்படத் தொகுதிகள் லண்டனில் வெளிவரத் தொடங்கின; 1875 வரை எட்டுத் தொகுதிகள். அவற்றில் பெரும்பாலான முகங்களின் கீழ் ஆளின் பெயர் இல்லை, சாதியின் பெயரோ குலத்தின் பெயரோ இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளிலும் இதே முறையைப் பார்க்கலாம். நம் மூதாதையர் சிலரே அவற்றில் ‘மாதிரி’களாக நிற்கிறார்கள். உருவப்படம் என்றால் ‘இவர் இன்னார்’ என்று சொல்வது. இனவகைப் படம் ‘இவர்கள் இப்படி’ என்று சொல்வது. ஜெரோம் முதலாவதின் அமைப்பை எடுத்து இரண்டாவதின் பெயரை வைத்தார். இந்தப் படத்தில் நம்மை உறுத்துவது இந்த ஒட்டுவேலைதான் என்பது என் கருத்து.

அவருடைய படங்கள் எவ்வளவு தூரம் பரவின என்பதையும் மறக்கக் கூடாது. 1863-இல் அவர் மணந்தது பெரும் ஓவிய வணிகர் அடோல்ஃப் கூப்பிலின் மகளை. கூப்பில் நிறுவனம் அவர் ஓவியங்களைப் புகைப்படமாகவும் அச்சாகவும் பெருக்கி, பாரிஸிலிருந்து நியூயார்க் வரை விற்றது. கித்தானை ஒருவர் வாங்குவார். அச்சுப்படம் எத்தனையோ வீட்டுச் சுவர்களுக்குப் போகும், தலைப்போடு.

சித்திரக்கூடம் எழுதியது:

நண்பர்களே, இவ்வளவு கவனத்தோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பழைய வரைபடம் ஐயா சொன்ன ‘இன்னார்’, ‘இப்படி’ என்ற வேறுபாட்டைப் படித்ததும், இன்னோர் ஓவியம் நினைவுக்கு வந்தது. அதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு 1809-இல் கிரேக்கத்தின் எபிரஸ் பகுதியில் பயணம் செய்தபோது அல்பேனிய உடைகள் சிலவற்றை வாங்கினார். உடை ஒன்றுக்கு ஐம்பது கினி (அன்றைய ஆங்கிலப் பொற்காசு) விலை என்று பிரெவேசாவிலிருந்து தாயாருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். லண்டன் திரும்பியபின் அந்த உடையில் தாமஸ் பிலிப்ஸ் அவரை வரைந்தார்: சிவப்பு வெல்வெட்டில் தங்க வேலைப்பாடு, தலையில் சுற்றிய துணி தோளில் வழிகிறது, கையில் வாள். 1814-இல் ராயல் அகாதமியில் அதைக் காட்சிக்கு வைத்தபோது அவர் பெயரைப் போடவில்லை. ‘அல்பேனிய உடையில் ஒரு பிரபுவின் உருவப்படம்’ என்பதுதான் தலைப்பு.

இரண்டிலும் பயணத்தில் வாங்கிய துணி. இரண்டிலும் ஓவியக்கூடம். இரண்டிலும் பெயர் இல்லை. ஆனால் பைரனின் தலைப்பில் ‘உடையில்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அவர் அல்பேனியர் அல்ல, அந்த உடையை அணிந்த பிரபு, கழற்றினாலும் பிரபு. அதே ஆண்டில் அந்த உடையை ஒரு தோழிக்குக் கொடுத்தும் விட்டார். ஜெரோமின் தலைப்பில் அந்த ‘உடையில்’ இல்லை. அங்கே அமர்ந்திருப்பவர் பாஷி-பசூக்கின் உடையில் இல்லை, பாஷி-பசூக்காகவே இருக்கிறார். தமிழில் ஏழாம் வேற்றுமை உருபு ஒன்றுதான் இரண்டு மனிதர்களுக்கும் நடுவில் நிற்கிறது. நேற்றிரவு இதை எழுதி வைத்துவிட்டு நெடுநேரம் தூங்கவில்லை.

நீள்பார்வை எழுதியது:

இந்த ஒப்பீட்டுக்கு நன்றி. இதை நான் எங்கும் படித்ததில்லை. எதிர்த்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் படத்தை வேறு திசையிலிருந்தும் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு பெயரைச் சேர்க்கிறேன்: ஒஸ்மான் ஹம்தி பே. 1842-இல் பிறந்த ஒட்டோமான் ஓவியர். 1860-களில் பாரிஸில் இருந்தார், இதே கல்விக்கூட ஓவிய மரபைக் கற்றார். பிறகு இஸ்தான்புல்லில் பேரரசு அருங்காட்சியகத்தின் இயக்குநராகி 1910-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவரும் பழைய உடை, பழைய கட்டடம், ஓடு பதித்த சுவர் என்றுதான் வரைந்தார். புகழ்பெற்ற ‘ஆமை பழக்குநர்’ 1906-இல் வரைந்தது; சிவப்பு நீளங்கியில் முதுகு வளைந்து நிற்கும் முதியவரின் முகம் ஓவியரின் சொந்த முகம். 1873-இல் வியன்னா உலகக் கண்காட்சிக்காக ஒட்டோமான் மக்களின் உடைகளைப் பற்றிய புகைப்படத் தொகுதியை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர். அங்கும் மாடல்களை ஸ்டூடியோவில் உடுத்தி நிறுத்தித்தான் படம் எடுத்தார்கள். ஆகவே வேடம் கட்டி நிறுத்துவது மேலைநாட்டாரின் கண்ணுக்கு மட்டும் உரியது அல்ல.

கரித்துண்டு எழுதியது:

ஒஸ்மான் ஹம்தியை நீங்கள் கொண்டுவந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அவர் உங்கள் பக்கத்தை விட என் பக்கத்துக்கே கூடுதலாக உதவுகிறார். தம் முகத்தையே அந்த உடைக்குள் வைத்தவருக்குக் கழுத்து வலி தெரிந்திருக்கும். நீளங்கிக்குள் இருப்பது யார் என்பது பார்ப்பவர்களுக்கும் தெரிந்தது.

மாடல்களுக்குப் பெயர் கிடைக்காதது இயற்கை விதி அல்ல என்பதற்கு இன்னும் இரண்டு சான்றுகள் சொல்கிறேன். சிற்பி ஷார்ல் கோர்டியே 1848-இல் செய்த கருப்பின மனிதரின் மார்பளவுச் சிலைக்கு அமர்ந்தவர் செயித் எங்கெஸ் என்ற, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுப் பாரிஸில் மாடலாக வாழ்ந்த மனிதர். ஜெரோமின் படத்துக்கு இருபது ஆண்டு முன்பே அந்நகரில் கருப்பின மாடல்கள் இத்தொழிலைச் செய்து வாழ்ந்தார்கள். மாரி-கியெமின் பெனுவா 1800-இல் காட்சிக்கு வைத்த கருப்பினப் பெண்ணின் படம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; இருநூறு ஆண்டுக்கு மேலாக அது இனப்பெயரோடு மட்டுமே அறியப்பட்டது. 2019-இல் ஓர்சே அருங்காட்சியகம் கருப்பின மாடல்களைப் பற்றி நடத்திய கண்காட்சியில் அது ‘மதலேனின் உருவப்படம்’ என்று பெயர் மாறியது. ஆவணங்களைத் தேடியவர்கள் இருந்ததால் கிடைத்த பெயர் அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த இழையின் தொடக்கத்தில் ‘கூலிப்படை’ என்ற சொல்லைப் பழைய வரைபடம் ஐயா நீக்கச் சொன்னார், பாஷி-பசூக்குகள் கூலி வாங்காதவர்கள் என்பதால். படத்தில் இருப்பவர் செய்ததோ கூலிக்குச் செய்யும் தொழில். அமர்வுக்கு இவ்வளவு என்று பேசி, மேடையில் ஏறி, துணியை உடுத்தி, அசையாமல் இருந்து, இறங்கி, தம் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் தொழில். அந்த ஒரு சொல்லிலேயே வேடத்தையும் மனிதரையும் பிரித்துவிடலாம்.

பாவுநூல் எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம் மட்டும். குறிப்பில் ‘ஆடம்பர உடை’ என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். சட்டை பட்டு, தலையில் சுற்றியிருப்பவை ஒரே துணி அல்ல, வெவ்வேறு துணிகள். தனித்தனியாக எங்கோ யாரோ நெய்தவை. அவர்களுக்கும் பெயர் கிடையாது. குறைந்தது துணியை ‘துணிகள்’ என்று பன்மையிலாவது சொல்லுங்கள்.

சித்திரக்கூடம் எழுதியது:

எல்லாவற்றையும் வைத்து எழுதிய வரைவு இது. ‘அவர்’ என்ற சொல்லையே பயன்படுத்தாமல், வினைமுற்றால் மட்டும் மரியாதையைக் காட்ட முயன்றிருக்கிறேன்.

‘பாஷி-பசூக். ழான்-லியோன் ஜெரோம், பாரிஸ், 1868–69. கித்தானில் எண்ணெய் வண்ணம். ஒட்டோமான் பேரரசில் சம்பளமும் சீருடையும் இன்றிப் போரிட்ட படையினருக்கு வழங்கிய பெயர் பாஷி-பசூக். அந்தப் படைவீரனின் வேடத்தில் இங்கே அமர்ந்திருக்கிறார், ஓவியக்கூட மாடலாக வேலை செய்த கருப்பினத்தவர் ஒருவர். பட்டுச் சட்டையும் தலையில் சுற்றிய துணிகளும் ஓவியர் தம் கிழக்குப் பயணத்தில் வாங்கி வந்தவை. ஓவியர் படத்துக்கு வேடத்தின் பெயரை வைத்தார். அமர்ந்தவரின் பெயரை வைக்கவில்லை.’

வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ‘வேடத்தில்’ என்பது கூத்தை நினைவூட்டுகிறதா, ‘உடையில்’ என்றே வைத்துவிடலாமா என்பதை மட்டும் அதற்குள் சொல்லுங்கள்.

கரித்துண்டு எழுதியது:

‘உடையில்’ என்றே வையுங்கள். பைரனுக்குக் கொடுத்த அதே சொல் இவருக்கும் இருக்கட்டும்.